500 ரூபாய் நோட்டு நல்லதா, கள்ளதா? கல்லாவில் உட்கார்ந்தபடியே சோதிக்கும் முறை

சில ஆண்டுகளுக்கு முன், மின்சாரம் நின்றுபோன ஒரு மாலையில், எங்கள் மளிகைக் கடைக்கு வந்த ஒருவர் நூறு கிராம் சீரகமும் ஒரு தீப்பெட்டியும் வாங்கிக்கொண்டு 500 ரூபாய் நோட்டை நீட்டினார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் நிறமும் காந்தியின் முகமும் சரியாகவே தெரிந்தன. மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் வங்கியில் பணம் கட்டப் போனபோது, கட்டைப் பிரித்து எண்ணிக்கொண்டே வந்த காசாளர் ஒரு தாளில் மட்டும் விரலை நிறுத்தினார். அவர் அதை உற்றுப் பார்க்கவில்லை. ஓரத்தைக் கட்டைவிரலால் இரண்டு முறை தடவினார். தாளை ஒரு தடவை முன்னும் பின்னும் சாய்த்தார். பிறகு தலைக்கு மேலிருந்த குழல்விளக்குக்கு நேராகப் பிடித்தார். மூன்றும் சேர்ந்து ஐந்து விநாடிகூட ஆகியிருக்காது. அந்த 500 ரூபாய் எனக்குத் திரும்ப வரவில்லை, ஆனால் அவர் செய்த மூன்று செயல்களையும் அன்றே கற்றுக்கொண்டேன். பின்வருவது பெரும்பாலும் அவற்றின் விரிவுதான்.

கள்ள நோட்டு அடிப்பவரிடம் ஸ்கேனரும் நல்ல பிரிண்டரும் இருந்தால், தாளின் மேல் தட்டையாகத் தெரியும் எதையும் அவரால் நகலெடுக்க முடியும். நிறம், படம், எழுத்து, எண் ஆகிய அனைத்தும் அந்த வகையைச் சேர்ந்தவை. விரலுக்குத் தட்டுப்படும் மேடு, சாய்த்தால் மாறும் நிறம், தாள் செய்யும்போதே அதன் உடலுக்குள் அமைந்துவிடும் உருவம் ஆகியவற்றை ஸ்கேனர் எடுக்காது. ஆகவே நோட்டின் முகத்தைப் பார்த்து முடிவு செய்யும் பழக்கத்தை முதலில் விட வேண்டும்.

500 ரூபாய் நோட்டை இங்கே எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 2023 மே 19-ஆம் தேதி 2000 ரூபாய் நோட்டைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்த பிறகு, அன்றாடம் கைமாறும் நோட்டுகளில் பெரியது இதுதான். ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கைப்படி 2024-25 நிதியாண்டில் வங்கிகளில் பிடிபட்ட கள்ள நோட்டுகள் மொத்தம் 2,17,396; அவற்றில் 500 ரூபாய் நோட்டுகள் மட்டும் 1,17,722. இது முந்தைய ஆண்டைவிட 37.3 சதவீதம் அதிகம். இவை வங்கிகளின் வாசலுக்கு வந்து சிக்கியவை மட்டுமே என்பதையும், அவற்றில் கணிசமானவற்றை என்னைப் போல ஏதும் அறியாமல் ஒருவர் கொண்டுபோய் நீட்டியிருப்பார் என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

சோதனைக்கு முன்

வங்கிக் கவுண்டரில் வாங்கிய, மடிப்பு விழாத ஒரு 500 ரூபாய் நோட்டைக் கல்லாவில் மாதிரியாகத் தனியே வையுங்கள். நோட்டின் அம்சங்களை மனப்பாடம் செய்வதைவிட, சந்தேகப்பட்ட தாளை இந்த மாதிரியின் அருகில் வைத்து ஒப்பிடுவது பல மடங்கு பயன் தரும். கல்லாவுக்கு மேல் வெள்ளை வெளிச்சம் தரும் ஒரு விளக்கு தேவை. முடிந்தால் மின்சாரம் போனாலும் எரியும்படி இருக்கட்டும். நகைக் கடைகளில் பயன்படுத்தும் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்று கிடைத்தால் நல்லது.

அளவும் உதவும். புதிய வரிசையில் 50, 100, 200, 500 ரூபாய் நோட்டுகள் நான்கும் 66 மில்லிமீட்டர் அகலம் கொண்டவை. நீளம்தான் முறையே 135, 142, 146, 150 மில்லிமீட்டர் என்று வளரும். எனவே ஒரு 200 ரூபாய் நோட்டை 500-இன் மேல் இடது ஓரம் ஒட்டி வைத்தால், வலது பக்கம் 4 மில்லிமீட்டர் மட்டும் வெளியே நீண்டிருக்கும். மேலும் கீழும் துல்லியமாகப் பொருந்தும். கத்தரியாலோ பிளேடாலோ வெட்டிய மட்டமான போலிகள் இங்கேயே மாட்டிக்கொள்ளும். அளவு சரியாக இருந்தால் மட்டும் நோட்டு நல்லது என்று ஆகிவிடாது.

முதல் படி: தடவிப் பார்த்தல்

ரூபாய் நோட்டின் தாள் மரக்கூழில் செய்ததல்ல, பருத்தியில் செய்தது. அதனால்தான் புதுத்தாளை விரல்களுக்கிடையே சுண்டினால் மொடமொடவென்று ஒலிக்கிறது, சட்டைப்பையில் நனைந்தாலும் எளிதில் கரைந்து போவதில்லை. இந்த ஒலியை மட்டும் நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். பல கை மாறிப் பழையதான நல்ல நோட்டு துணியைப் போலத் தொய்ந்திருக்கும், தடித்த தாளில் அடித்த கள்ள நோட்டோ நன்றாகவே ஒலிக்கும்.

தேட வேண்டியது மேட்டை. செதுக்கிய உலோகத் தகட்டின் பள்ளங்களில் மையை நிரப்பி, பெரும் அழுத்தத்தில் தாளை அதன்மீது அழுத்தி எடுக்கும் அச்சுமுறையில், மை தாளின் மேல் மேடாக நிற்கும். 500 ரூபாய் நோட்டின் முன்பக்கத்தில் காந்தியின் உருவம், வலது புறமுள்ள அசோகத் தூண் சின்னம், வட்ட வடிவ அடையாளக் குறி, இரு பக்க ஓரங்களிலும் உள்ள ஐந்து சாய்வுக் கோடுகள் ஆகியவை இப்படி அச்சானவை. பார்வையற்றோர் நோட்டை இனங்காணவே இவை மேடாக வைக்கப்பட்டன. நமக்கும் இவையே முதல் காவல்.

செய்முறை இதுதான். ஓரத்துச் சாய்வுக் கோடுகளின் குறுக்கே கட்டைவிரல் நகத்தை மெதுவாக மேலிருந்து கீழாக இழுங்கள். நல்ல நோட்டில் நகம் ஒவ்வொரு கோட்டிலும் லேசாகத் தட்டி, ஐந்து முறை இடறும். போலியில் நகம் வழுக்கிக்கொண்டு போகும். சில போலிகளில் பசை போன்ற ஏதோ ஒன்றைத் தடவிச் செயற்கையாக மேடு உண்டாக்கியிருப்பார்கள். அது வழவழப்பாகவும் ஒரே சீராகவும் இருக்கும், நகத்தால் சுரண்டினால் படலமாகப் பெயரும். வேறு மதிப்புகளில் இக்குறிகள் மாறும்: 200-இல் நான்கு கோடுகளும் அவற்றுக்கிடையே இரண்டு வட்டங்களும், 100-இல் நான்கு கோடுகளும் முக்கோணக் குறியும் இருக்கும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். நோட்டைத் தேய்த்தால் சாயம் ஒட்டிக்கொண்டால் அது கள்ள நோட்டு என்று பலர் நினைக்கிறார்கள். மேடாக நிற்கும் மையை வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்தால் நல்ல நோட்டிலிருந்தும் சிறிது நிறம் ஒட்டும். 2016 நவம்பரில் புதிய 2000 ரூபாய் நோட்டு சாயம் போகிறது என்று புகார் எழுந்தபோது, அன்று பொருளாதார விவகாரத் துறைச் செயலராக இருந்த சக்திகாந்த தாஸ், சாயம் ஒட்டாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும் என்ற பொருளில் விளக்கம் கூறினார். பின்னாளில் அவரே ரிசர்வ் வங்கி ஆளுநராகி 500 ரூபாய் நோட்டுகளில் கையெழுத்திட்டார்.

இரண்டாம் படி: சாய்த்துப் பார்த்தல்

என்னைக் கேட்டால், ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்னும்போது செய்ய வேண்டியது இதுவே. முன்பக்கத்தில் காந்தி உருவத்துக்கு வலப்பக்கமாகச் செல்லும் பாதுகாப்பு இழையைப் பாருங்கள். நேராகப் பிடித்தால் பச்சையாக இருக்கும்; தாளைச் சாய்க்கும்போது நீலமாக மாறும். இழையில் ‘பாரத்’ என்று தேவநாகரியிலும், ரிசர்வ் வங்கியின் பெயர்ச்சுருக்கம் ஆங்கிலத்திலும் பொறித்திருக்கும். அடுத்து வலப்பக்கம் கீழே ரூபாய்க் குறியுடன் உள்ள 500 என்ற எண்ணைப் பாருங்கள்; அதுவும் பச்சையிலிருந்து நீலத்துக்கு மாற வேண்டும். இரண்டும் வெவ்வேறு பொருள்கள்: ஒன்று தாளுக்குள் நெய்ததுபோல் ஓடும் இழை, மற்றது தாளின் மேல் அச்சான சிறப்பு மை. இரண்டுமே மாறினால்தான் கணக்கு.

கள்ள நோட்டுகளில் இந்த இடத்தில் பெரும்பாலும் மினுமினுக்கும் பச்சைப் பூச்சு ஒன்று இருக்கும். சாய்க்கும்போது அது பளபளக்கும், அந்தப் பளபளப்பை நிறமாற்றம் என்று கண் ஏற்றுக்கொள்ளும். ஏமாறுவது இந்த இடத்தில்தான். ‘மின்னுகிறதா’ என்று பார்க்காமல், ‘நீலம் வந்ததா’ என்று பாருங்கள். மாதிரி நோட்டையும் சந்தேக நோட்டையும் இரு கைகளில் பிடித்து ஒரே நேரத்தில் சாய்த்தால் வேறுபாடு உடனே தெரியும். மஞ்சள் விளக்கொளியில் பச்சையும் நீலமும் மங்கலாகிவிடுவதால், இந்தச் சோதனையை வெள்ளை வெளிச்சத்திலேயே செய்ய வேண்டும்.

இடப்பக்கத்தில் மறைவுருவம் என்று ஒன்று உண்டு. தாளைக் கண் மட்டத்துக்கு உயர்த்திக் கிட்டத்தட்ட படுக்கை நிலையில் வைத்துப் பார்த்தால் 500 என்ற எண் எழுந்து தெரியும். அழுக்கேறிய நோட்டில் இது மங்கிவிடும் என்பதால் நான் இதை அதிகம் நம்புவதில்லை.

மூன்றாம் படி: வெளிச்சத்துக்கு நேரே பிடித்தல்

நோட்டின் வலப்பக்க வெற்றிடத்தை விளக்குக்கு நேரே பிடித்தால் காந்தியின் உருவமும், அதனருகே 500 என்ற எண்ணும் நீரோட்டமாக (வாட்டர்மார்க்) தெரியும். இது மையால் அச்சானதல்ல. தாள் ஈரக் கூழாக இருக்கும்போதே சில இடங்களில் கூழ் தடித்தும் சில இடங்களில் மெலிந்தும் படியுமாறு செய்வதால், ஒளி கூடவும் குறையவும் ஊடுருவி உருவம் தோன்றுகிறது. ஆகவே நல்ல நீரோட்டத்தில் கன்னத்திலிருந்து கழுத்து வரை நிழல் படிப்படியாக இறங்கும். கூர்மையான எல்லைக்கோடு இருக்காது. எண் மட்டும் முகத்தைவிட வெளிச்சமாகத் தெரியும்.

போலியில் இந்த உருவத்தை வெளிர் மையாலோ எண்ணெய்ப் பசை கொண்ட பொருளாலோ தாளின் மேல் வரைந்திருப்பார்கள். அதைப் பிடிக்க எளிய வழி, தாளை மேசையில் கிடத்திப் பார்ப்பதுதான். பின்னாலிருந்து வெளிச்சம் வராதபோது நல்ல நோட்டின் நீரோட்டம் ஏறக்குறைய மறைந்துவிடும். போலியிலோ சாம்பல் நிறக் கறைபோல அப்படியே தெரிந்துகொண்டிருக்கும். இரண்டு மெல்லிய தாள்களை ஒட்டி, நடுவில் உருவத்தை வைத்துச் செய்யும் போலிகளும் உண்டு. அவற்றின் மூலையை நகத்தால் நெருடினால் தாள் இரண்டாகப் பிரியும்.

அதே நிலையில் பாதுகாப்பு இழையையும் பாருங்கள். மேலே விட்டுவிட்டுத் தெரிந்த இழை, வெளிச்சத்தில் மேலிருந்து கீழ்வரை அறுபடாத ஒரே கோடாகத் தெரிய வேண்டும். பிறகு இடப்பக்கம் மேலே, முன்னும் பின்னும் துண்டு துண்டாக அச்சான வடிவங்கள் ஒன்றுசேர்ந்து 500 என்ற எண்ணாகின்றனவா என்று கவனியுங்கள். இரு பக்கமும் தனித்தனியாக அச்சிடும் வீட்டுப் பிரிண்டரில் இந்தப் பொருத்தம் ஒரு மயிரிழையாவது விலகிவிடும்.

நான்காம் படி: லென்ஸும் எண்களும்

முதல் மூன்று படிகளில் தேறிய நோட்டைப் பெரும்பாலும் கல்லாவில் போட்டுவிடலாம். சந்தேகம் தீராவிட்டால் லென்ஸை எடுங்கள். காந்தியின் கண்ணையும் மீசையையும் பாருங்கள். நல்ல நோட்டில் அவை அறுபடாத மெல்லிய கோடுகளால் ஆனவை. பிரிண்டரில் எடுத்த தாளில் அதே இடம் மஞ்சள், நீலம், சிவப்புப் புள்ளிகளின் தூவலாகச் சிதறித் தெரியும். இதை ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. உருவத்தின் அருகே ‘பாரத்’ என்றும் ‘இந்தியா’ என்றும் உள்ள நுண்ணெழுத்துகள் படிக்கும்படியாக இருக்க வேண்டும். கள்ள நோட்டில் அவை வெறும் கோடாக மங்கிக் கிடக்கும்.

வரிசை எண் இடப்பக்கம் மேலேயும் வலப்பக்கம் கீழேயும் இருக்கும். இலக்கங்கள் இடமிருந்து வலமாகச் சிறிதிலிருந்து பெரிதாக வளர்ந்து செல்லும், இரு இடத்திலும் ஒரே எண்தான் இருக்கும். ஒரே நபர் தரும் பல நோட்டுகளில் ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் மேற்கொண்டு எதையும் சோதிக்க வேண்டியதில்லை.

ஆண்டையும் கையெழுத்தையும் சேர்த்துப் பார்ப்பது பலருக்குத் தோன்றாத ஒரு வழி. பின்பக்கத்தில் இடது ஓரமாக அச்சான ஆண்டு இருக்கும். இந்த வடிவமைப்பு 2016 நவம்பரில், அன்றைய ரிசர்வ் வங்கி ஆளுநர் உர்ஜித் படேலின் கையெழுத்துடன் வந்தது. சக்திகாந்த தாஸ் 2018 டிசம்பரிலும், சஞ்சய் மல்ஹோத்ரா 2024 டிசம்பரிலும் ஆளுநர் ஆனார்கள். ஆகவே 2017 என்ற ஆண்டும் தாஸின் கையெழுத்தும் ஒரே தாளில் இருக்க வழியில்லை.

எழுத்துப் பிழைகளையும் அலட்சியப்படுத்த வேண்டாம். 2025 ஏப்ரலில் மத்திய உள்துறை அமைச்சகம் எச்சரித்த 500 ரூபாய்ப் போலிகள் மற்ற வகையில் அச்சு அசலாக இருந்தன; ‘ரிசர்வ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் நடுவில் மட்டும் ‘ஈ’ எழுத்துக்குப் பதிலாக ‘ஏ’ இருந்தது. பின்பக்க மொழிப் பட்டியலில் பதினைந்து மொழிகள் உண்டு. தமிழ் வரி கீழிருந்து மூன்றாவது, சமஸ்கிருதத்துக்கும் தெலுங்குக்கும் நடுவே. நமக்கு நன்றாகத் தெரிந்த எழுத்து என்பதால், சுழிகள் மொத்தையாகிவிட்டனவா என்று பார்க்க நான் அந்த வரியையே லென்ஸில் வைக்கிறேன்.

புற ஊதா விளக்கும் எந்திரமும்

நாள்தோறும் நிறைய நோட்டு வாங்கும் கடைகளுக்குப் புற ஊதா விளக்கு பயன்படும். சாதாரண வெள்ளைத்தாளில் பளிச்சிடவைக்கும் வேதிப்பொருள் கலந்திருப்பதால் அந்த விளக்கின் கீழ் தாள் முழுவதும் நீலவெள்ளையாக ஒளிரும். ரூபாய்த் தாள் மங்கலாகவே இருக்கும். எண் வரிசையும், தாளில் சிதறிக் கிடக்கும் நுண்ணிழைகளும் ஒளிரும். சட்டைப்பையில் மறந்து சலவைத்தூளில் துவைபட்ட நல்ல நோட்டும் ஒளிரக்கூடும் என்பதால், இதை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றவாளியாக்கிவிடக் கூடாது. கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கும் பேனா என்று விற்பது தாளில் மாவுப்பொருள் இருக்கிறதா என்று மட்டுமே காட்டும். மாவுப்பொருள் இல்லாத தாளில் அடித்த போலியை அது நல்லது என்றே சொல்லும். 2020 ஜனவரி 1 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட ‘மணி’ செயலியையும் சிலர் இதற்குப் பயன்படுத்தப் பார்க்கிறார்கள். அது பார்வையற்றோருக்கு நோட்டின் மதிப்பைச் சொல்வதற்கானது. நல்லதா கள்ளதா என்று அது சொல்லாது.

எவையெல்லாம் கள்ள நோட்டு அல்ல

வரிசை எண்ணுக்கு நடுவே நட்சத்திரக் குறி இருந்தால் போலி என்று வாட்ஸ்அப்பில் பரவியதை ரிசர்வ் வங்கி 2023 ஜூலையில் மறுத்தது. அச்சிடும்போது பழுதான தாளுக்கு மாற்றாகச் சேர்க்கும் தாள் அது. பச்சை இழை ஆளுநர் கையெழுத்துக்கு அருகில் இல்லாமல் காந்திக்கு அருகில் இருந்தால் கள்ள நோட்டு என்பதும் வதந்திதான். பேனாவால் கிறுக்கிய நோட்டு செல்லாமல் போவதில்லை. கிறுக்காதிருக்கும்படி ரிசர்வ் வங்கி கேட்டுக்கொள்கிறது, அவ்வளவே. நல்ல நோட்டை வாங்க மறுத்து வாடிக்கையாளரோடு சண்டை போடுவதும் கடைக்கு நட்டம்தான்.

கட்டாக வாங்கும்போது

2024-இல் அகமதாபாத்தில் ஒரு தங்க வியாபாரியிடம், தங்கத்துக்கு ஈடாகக் கட்டுக் கட்டாக 500 ரூபாய் நோட்டுகளைக் கொடுத்துவிட்டு ஆட்கள் மறைந்தார்கள். பிரித்துப் பார்த்தபோது காந்தி இருக்க வேண்டிய இடத்தில் நடிகர் அனுபம் கேரின் படம் இருந்தது. சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் பொருளைக் கொடுக்கும் முன் ஒரு கட்டைக்கூடப் பிரிக்காததே அங்கே நடந்த பிழை. கட்டில் முதல் தாளும் கடைசித் தாளும் நல்லவையாகவே இருக்கும். நடுவில் விரலை விட்டு விரித்து, அங்கிருந்து சில தாள்களை உருவித் தடவிப் பாருங்கள். பின்னர் முழுக்கட்டையும் ஒரே பக்கமாக அடுக்கி ஓரத்தைப் பாருங்கள். இரு ஓரங்களின் சாய்வுக் கோடுகளும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும்.

பிடிபட்டால் என்ன செய்வது

ஒருவர் தரும் நோட்டில் சந்தேகம் வந்தால், ‘வேற நோட்டு குடுங்கண்ணே’ என்று கேட்டாலே போதும். பத்தில் ஒன்பது பேர் நம்மைப் போலவே ஏமாந்தவர்களாகத்தான் இருப்பார்கள். கள்ள நோட்டு என்று தெரிந்த பிறகு அதை வேறொருவர் தலையில் கட்டுவது மட்டும் கூடாது. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவின்படி, தெரிந்தே கள்ள நோட்டைப் புழங்கவிடுவதற்கு ஆயுள் தண்டனை வரை உண்டு. தெரிந்தே புழக்கத்தில் விடும் நோக்குடன் வைத்திருப்பதற்கு 180-ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை சிறை. நேர்மையான வழியில் தன்னிடம் வந்தது என்று நிறுவுபவருக்கு அது குற்றமாகாது என்றும் அதே 180-ஆம் பிரிவு விளக்குகிறது. ஆகவே பயந்து மறைக்காமல் வங்கிக்குக் கொண்டுபோவதே பாதுகாப்பு.

வங்கியில் அந்தத் தாளில் கள்ள நோட்டு என்று முத்திரை குத்திப் பறிமுதல் செய்வார்கள். ஈடாகப் பணம் தரமாட்டார்கள், தாளையும் திருப்பித் தரக் கூடாது. அதற்குரிய ஒப்புகைச் சீட்டை அவர்கள் கட்டாயம் தர வேண்டும். நீங்கள் கையெழுத்திட மறுத்தாலும் தர வேண்டும் என்பதே விதி. ஒரே பரிவர்த்தனையில் நான்கு தாள்கள் வரை என்றால் மாத இறுதியில் காவல்துறைக்குத் தொகுப்பறிக்கை போகும். ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் வங்கி உடனே காவல் நிலையத்துக்கு அனுப்பி முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யக் கோரும்.

ஏடிஎம்மில் வந்த நோட்டில் சந்தேகம் தோன்றினால், அறையை விட்டு வெளியேறும் முன்பே கேமராவுக்கு நேராகத் தாளின் வரிசை எண்ணைக் காட்டுங்கள். காவலாளி இருந்தால் அவரிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். எந்திரம் தந்த சீட்டையும் தாளையும் சேர்த்து அந்த வங்கிக் கிளைக்கு அன்றே கொண்டுசெல்லுங்கள். 100 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டுகளை எந்திரத்தில் சோதித்த பிறகே வங்கிகள் ஏடிஎம்மில் நிரப்ப வேண்டும். கள்ள நோட்டு அதிலிருந்து வெளிவந்தால், அதை வங்கியே புழக்கத்தில் விட முயன்றதாகக் கருதும் விதி உள்ளது. அதனால் கிளையில் ‘எங்கள் எந்திரத்தில் அப்படி வராது’ என்று சொன்னாலும் எழுத்துப் புகாரைக் கொடுத்து, அதன் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் எழுந்து வராதீர்கள்.